ஃபேஸ்புக்கும் எக்ஸும் நம் பேச்சுக்குக் காவல் நிற்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபேஸ்புக், யூடியூப், இன்ஸ்டாகிராம், எக்ஸ் போன்ற நிறுவனங்கள் நாம் எழுதுவதையும் பேசுவதையும் கண்காணித்து நீக்கலாமா? இந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நடுநிலை வேஷம் போடவில்லை. என் கருத்து வரும் இடத்தில் அது என் கருத்து என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு கம்பெனி என் பதிவை நீக்கினால் அது என் பேச்சுரிமையைப் பறிப்பதா?

சட்டப்படி, பெரும்பாலும் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமையை நாம் வழக்கமாக அரசிடம்தான் கோர முடியும். 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 19, 21 ஆகிய பிரிவுகளின் உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் கோரலாம் என்று 4-க்கு 1 என்ற கணக்கில் சொன்னது உண்மை. ஆனால் அதை வைத்து ஒருவர் இன்ஸ்டாகிராமின் மேல் கேஸ் போட்டுத் தன் ரீலைத் திரும்ப வாங்கிவிடலாம் என்ற நிலை வந்துவிடவில்லை.

சட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு நடைமுறையைப் பார்ப்போம். டீக்கடையில் 'இங்கு அரசியல் பேசாதீர்கள்' என்று போர்டு வைப்பது கடைக்காரர் இஷ்டம். பக்கத்துக் கடைக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம். ஊரில் உள்ள கடையெல்லாம் ஒரே முதலாளியுடையது என்றால்? ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் மெட்டா என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. ஃபேஸ்புக்கை மட்டும் மாதம் 300 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பயன்படுத்துகிறார்கள். இந்த அளவுக்கு வளர்ந்த பிறகு "என் கடை, என் விதி" என்ற வாதம் சட்டத்தில் செல்லலாம், என் காதில் ஏறவில்லை.

அப்படியானால் எதையுமே நீக்காமல் விட்டுவிடலாமே?

விட்டால் முதலில் போவது உங்கள் பேச்சுதான். யூடியூபில் ஒவ்வொரு நிமிடமும் ஏறுவது சுமார் 500 மணி நேர வீடியோ. அதில் மோசடி விளம்பரம், ஆபாசக் குப்பை, குழந்தைகளைச் சீரழிக்கும் காட்சிகள் எல்லாம் வரும். இவற்றை அள்ளிக் கொட்டாமல் எந்தத் தளமும் ஒரு வாரம்கூட நடக்காது. "நாங்கள் எதையும் நீக்குவதில்லை" என்று மார்தட்டும் தளங்களும் உள்ளே இதைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

இன்னொன்று. ஒரு பெண் பத்திரிகையாளர் ஒரு கட்சியை விமர்சித்து எழுதுகிறார். கீழே ஐந்நூறு பேர் வந்து அவருடைய உடலையும் குடும்பத்தையும் இழுத்து ஏசுகிறார்கள். தளம் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு மாதத்தில் அவர் எழுதுவதை நிறுத்திவிடுகிறார். இங்கே பேச்சுரிமை காப்பாற்றப்பட்டதா? ஐந்நூறு பேருடையது காப்பாற்றப்பட்டது, சரி. கைகட்டி நிற்பதும் ஒரு பக்கம் சாய்வதுதான்.

அதோடு, நம் டைம்லைனில் எது முதலில் வர வேண்டும், எது கண்ணில் படவே கூடாது என்று நொடிக்கு நொடி முடிவு செய்வது அவர்களுடைய அல்காரிதம். ஆகவே நம் பேச்சில் கை வைக்கலாமா என்று இப்போது கேட்பதில் பொருளில்லை, கை வைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. எந்த விதியின்படி, யாருக்குப் பதில் சொல்லிக்கொண்டு வைக்கிறார்கள் என்று கேட்பதில்தான் எனக்கு அக்கறை.

அமெரிக்காவில் '230' என்று ஒரு பிரிவைப் பற்றிப் பேசுகிறார்களே, அது என்ன?

இது நல்ல கதை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1990-களின் தொடக்கத்தில் கம்ப்யூசர்வ், ப்ராடிஜி என்று இரண்டு இணையச் சேவைகள் இருந்தன. கம்ப்யூசர்வ் தன் தளத்தில் மற்றவர்கள் போடுவதைப் பார்ப்பதே இல்லை. அதில் வந்த ஓர் அவதூறுக்காக வழக்கு போட்டபோது, நீதிமன்றம் 1991-ல் கம்ப்யூசர்வை விட்டுவிட்டது. புத்தகக் கடைக்காரர் எல்லாப் புத்தகத்தையும் படித்திருக்க முடியாதல்லவா என்ற தர்க்கம்.

ப்ராடிஜி கொஞ்சம் ஒழுக்கமான நிறுவனம். குடும்பத்தோடு பார்க்கத் தகுந்த தளம் என்று பெயர் வாங்க ஆசைப்பட்டு, கெட்ட வார்த்தைகளை வடிகட்டி, ஆட்களை வைத்துப் பதிவுகளை நீக்கியது. அதன் நிதிப் பகுதியில் பெயர் தெரியாத ஒருவர், ஸ்ட்ராட்டன் ஓக்மான்ட் என்ற பங்குத் தரகு நிறுவனம் மோசடி செய்கிறது என்று எழுதினார். நிறுவனம் வழக்கு போட்டது. 1995-ல் நியூயார்க் நீதிமன்றம், "நீங்கள் சிலவற்றை நீக்குகிறீர்கள், அப்படியானால் நீங்கள் பதிப்பாளர், மிச்சம் இருப்பதற்கெல்லாம் நீங்களே பொறுப்பு" என்று தீர்ப்பளித்தது.

குப்பையைப் பெருக்கினவன் மாட்டிக்கொண்டான், பெருக்காதவன் தப்பித்தான். இந்த அபத்தத்தைச் சரிசெய்யத்தான் 1996-ல் 230-ஆம் பிரிவு வந்தது. பயனர் எழுதியதற்குத் தளம் பொறுப்பாகாது. நல்லெண்ணத்தோடு சிலவற்றை நீக்கினாலும் அந்தப் பாதுகாப்பு போகாது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் அது. இன்றைய சமூக ஊடகத் தொழில் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. (ஸ்ட்ராட்டன் ஓக்மான்டை நடத்திய ஜோர்டன் பெல்ஃபோர்ட் பின்னர் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். பெயர் தெரியாத அந்த ஆள் எழுதியதில் விஷயம் இருந்தது.)

2021-ல் டெக்சாஸ், ஃப்ளோரிடா மாநிலங்கள், அரசியல் கருத்துக்காகப் பதிவுகளையும் கணக்குகளையும் நீக்குவதைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டன. 2024 ஜூலையில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வழக்குகளைக் கீழ் நீதிமன்றங்களுக்குத் திருப்பி அனுப்பியது. ஒரு தளம் எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்று தேர்ந்தெடுப்பதும் ஒரு பத்திரிகையின் தேர்வு போன்ற பேச்சுதான் என்றும் சொன்னது. அதாவது அங்கே நீக்கும் உரிமையே கம்பெனியின் பேச்சுரிமை ஆகிவிட்டது.

இந்தியாவில் நிலைமை என்ன?

நம்முடைய 230 என்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 79-ஆம் பிரிவு. ஆனால் அந்தப் பாதுகாப்புக் குடைக்கு நிபந்தனைகள் அதிகம்.

முன்பு 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. இணையத்தில் 'எரிச்சலூட்டும்' வகையில் எழுதினால் மூன்று ஆண்டு வரை சிறை. 2012 நவம்பரில் பால் தாக்கரே இறந்தபோது மும்பை ஸ்தம்பித்ததைப் பற்றி ஃபேஸ்புக்கில் ஒரு பெண் கேள்வி எழுப்பினார், அவர் தோழி அதற்கு லைக் போட்டார். இருவரையும் கைது செய்தார்கள். லைக் போட்டதற்குக் கைது! 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ-வை ரத்து செய்தது. அதே தீர்ப்பில் அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு பகுதி உண்டு. யாரோ ஒருவர் புகார் கொடுத்தார் என்பதற்காகத் தளம் பதிவை நீக்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் அந்தக் கடமை என்றது தீர்ப்பு. எது சட்டவிரோதம் என்று லட்சக்கணக்கான புகார்களைப் பார்த்துக் கம்பெனி முடிவு செய்ய முடியாது என்பதே காரணம்.

பிறகு 2021 பிப்ரவரியில் புதிய விதிகள் வந்தன. 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள தளங்கள் இந்தியாவில் வசிக்கும் குறைதீர் அலுவலரை வைக்க வேண்டும், மாதாமாதம் அறிக்கை வெளியிட வேண்டும், அரசோ நீதிமன்றமோ உத்தரவிட்டால் 36 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று அப்போது எழுதினார்கள். தளம் சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்க இணக்க அலுவலர் என்று ஒருவரும் வேண்டும், விதியை மீறினால் அவர் மேல் வழக்கு வரலாம்.

இதில் குறைதீர் அலுவலர் ஏற்பாடு நல்லது. ஆனால் கம்பெனியின் மனக்கணக்கை யோசித்துப் பாருங்கள். உங்கள் பதிவை வைத்திருந்தால் கிடைப்பது சில பைசா விளம்பர வருமானம். வைத்திருந்து பிரச்சினையானால் சட்டப் பாதுகாப்பு போகும், ஊழியர் கம்பி எண்ணுவார். எதைச் செய்வார்கள்? சந்தேகம் வந்தாலே நீக்கிவிடுவார்கள். பட்டப்பகலில் தெரியும் சட்டவிரோதப் பதிவை 24 மணி நேரத்தில் நீக்காவிட்டால் 5 கோடி யூரோ வரை அபராதம் என்று ஜெர்மனி 2017-ல் சட்டம் போட்டபோது அங்கேயும் இதே விமர்சனம்தான் வந்தது.

அரசு சொல்லி நீக்குவதும் கம்பெனி தானாக நீக்குவதும் ஒன்றா?

இல்லை. எனக்கு முதலாவதுதான் அதிகப் பயம். கம்பெனி நீக்கினால் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி மத்திய அரசு தடை உத்தரவு போட்டால், அந்த உத்தரவே ரகசியம். எழுதியவருக்குப் பெரும்பாலும் 'சட்டபூர்வமான கோரிக்கையின் பேரில் இந்தியாவில் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்ற ஒரு வரிதான் தெரியும்.

விவசாயிகள் போராட்டத்தின்போது, 2021 பிப்ரவரி 1 அன்று, 'தி கேரவன்' பத்திரிகையின் கணக்கு உட்பட சுமார் 250 கணக்குகளை ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) அரசு உத்தரவின் பேரில் முடக்கி, சில மணி நேரத்தில் திரும்பத் திறந்தது. ஒரு பத்திரிகையை மூட வேண்டுமானால் முன்பெல்லாம் ஆள் அனுப்ப வேண்டும், அச்சகத்துக்குப் பூட்டுப் போட வேண்டும், ஊர் பார்க்கும். இப்போது ஒரு மின்னஞ்சல் போதும்.

தடை உத்தரவுகளை எதிர்த்து ட்விட்டர் போட்ட வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் தள்ளுபடி செய்து 50 லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. பல துறை அதிகாரிகள் 79-ஆம் பிரிவைக் காட்டி நேரடியாக நீக்கக் கோரிக்கை அனுப்ப 'சஹ்யோக்' என்ற போர்ட்டல் வந்தது. அதை எதிர்த்து எக்ஸ் போட்ட வழக்கையும் அதே நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு தந்த பாதுகாப்பில் இது ஓட்டை போடுகிறது என்பது என் எண்ணம். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்தக் கருவி கையில் இருந்தால் பயன்படுத்தத்தான் செய்யும்.

கம்பெனிகள் தேவையில்லாமல் நீக்கியதற்கு உதாரணம் உண்டா?

ஏராளம். 2016-ல் ஃபேஸ்புக் நீக்கியது உலகமே அறிந்த ஒரு புகைப்படத்தை: வியட்நாமில் நேபாம் குண்டில் உடல் வெந்து, ஆடையில்லாமல் ஓடிவரும் சிறுமியின் படம். 'குழந்தை நிர்வாணம்' என்பது காரணம். நார்வேயின் ஆஃப்டன்போஸ்டன் பத்திரிகை ஆசிரியர் ஸக்கர்பெர்குக்கு முதல் பக்கத்தில் கடிதம் எழுதினார். நார்வே பிரதமர் எர்னா சோல்பெர்க் படத்தைப் பகிர்ந்தார், அவருடைய பதிவையும் நீக்கிவிட்டார்கள்! பிறகுதான் பின்வாங்கினார்கள்.

2019-ல் மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. நாஜிக் கூட்டத்தின் நடுவே ஒரே ஒரு ஆள் மட்டும் கை நீட்டி வணக்கம் செய்யாமல் நிற்கும் பழைய புகைப்படத்தை அவர் வைத்திருந்தார். நாஜிகளை எதிர்த்த படம், வெறுப்புப் படம் என்று போய்விட்டது. 2020-ல் பிரேசிலில் மார்பகப் புற்றுநோய் அறிகுறிகளை விளக்கிய இன்ஸ்டாகிராம் பதிவை மென்பொருள் தானாக நீக்கியது. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கு விதியிலேயே விலக்கு இருந்தும்.

நீக்காமல் விட்டதால் கேடு வந்ததா?

வந்தது, நம் பக்கத்திலேயே. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு மியான்மரிலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அதற்கு முன் பல ஆண்டுகளாக அவர்களை நாய், புழு என்றெல்லாம் ஏசும் பர்மியப் பதிவுகள் ஃபேஸ்புக்கில் குவிந்து கிடந்தன. 2015-ன் தொடக்கத்தில் அவற்றைப் பார்க்க ஃபேஸ்புக்கிடம் பர்மிய மொழி தெரிந்தவர்கள் இரண்டே பேர். போதிய அளவு செய்யவில்லை என்று நிறுவனமே 2018 நவம்பரில் ஒப்புக்கொண்டது.

இலங்கையில் அதே 2018 பிப்ரவரி கடைசியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று வதந்தி. அது வெறும் மாவுக்கட்டி. ஆனால் வீடியோ பரவி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மார்ச்சில் கண்டி அருகே திகணயில் கலவரம் வெடித்தது. சிங்களத்தில் 'கொல்லுங்கள்' என்ற பொருளில் எழுதிய பதிவுகளை ரிப்போர்ட் செய்தவர்களுக்கு 'எங்கள் விதியை மீறவில்லை' என்று பதில் வந்தது. கடைசியில் அரசு ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் ஒரு வாரம் போல முடக்கியது. 2020 மே மாதம் ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது.

கவனித்தால் இரண்டு இடத்திலும் விதி இல்லாமல் போகவில்லை. மொழி தெரிந்த ஆள்தான் இல்லை.

தமிழில் எழுதுவதை உண்மையிலேயே யாராவது படித்துப் பார்க்கிறார்களா?

படிக்கிறார்கள், போதுமான அளவுக்கு இல்லை. பெரும்பாலானவற்றை முதலில் பார்ப்பது மென்பொருள். அது நன்றாகப் பயின்றது ஆங்கிலத்தில். நாமோ தமிழில் எழுதுவோம், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவோம், நடுவில் நெல்லை வழக்கு வரும், வடிவேலு டயலாக் மீமாக வரும். 'உன்னைக் கொன்னுடுவேன்டா' என்று நண்பனிடம் எழுதினால் கணக்கு முடங்கும். ஒரு சாதியின் பெயரைச் சொல்லாமல், ஊர்க்காரர்களுக்கு மட்டும் புரிகிற அடையாளத்தை வைத்து அரிவாளைக் காட்டும் ரீல், பின்னணிப் பாட்டோடு லட்சம் வியூஸ் போகும். வெறுப்புப் பேச்சு விதியில் ஃபேஸ்புக் சாதியையும் சேர்த்திருக்கிறது. ஆனால் தென் மாவட்டத்தில் ஒரு கயிற்றின் நிறத்துக்கு என்ன பொருள் என்பது கலிஃபோர்னியாவில் எழுதிய விதிக்குத் தெரியாது.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். சம்பாதிக்கும்போது தமிழ் வேண்டும், தமிழ் விளம்பரம் வேண்டும். செலவு செய்யும்போது மட்டும் அது 'சிறிய மொழி'.

ஈழம் பற்றி எழுதினால் பதிவு போய்விடுகிறதே?

ஈழத் தமிழர்களும் இங்குள்ள ஆதரவாளர்களும் பல ஆண்டுகளாகச் சொல்லும் புகார் இது, முக்கியமாக நவம்பர் 27 மாவீரர் நாளையொட்டி. அமெரிக்கா 1997-ல் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. ஃபேஸ்புக்கின் 'ஆபத்தான அமைப்புகள்' விதி அந்த அமெரிக்கப் பட்டியலை எடுத்துக்கொள்கிறது. அந்த விதியின்படி, அமைப்பைப் புகழ்ந்தால் நீக்கலாம்; செய்தியாகவோ விமர்சனமாகவோ பேசலாம். இறந்துபோன அண்ணனின் படத்துக்கு விளக்கேற்றுவது இதில் எதில் சேரும்? மென்பொருளுக்கு முகம்தான் தெரியும், துக்கம் தெரியாது.

குர்து மக்களுக்கும் இதே தொல்லை. துருக்கிச் சிறையில் இருந்த குர்து ஆயுதப் போராட்டத் தலைவர் அப்துல்லா ஓஜலானைத் தனிமைச் சிறையில் வைத்திருப்பதைப் பற்றிப் பேசிய ஒரு பதிவை இன்ஸ்டாகிராம் நீக்கியது. மேல்முறையீட்டில் என்ன தெரியவந்தது தெரியுமா? அதைப் பற்றிப் பேசலாம் என்று 2017-லேயே உள்விதி எழுதியிருந்தார்கள். 2018-ல் வேறு முறைக்கு மாறும்போது அது தொலைந்துபோய், மூன்று ஆண்டு யாரும் கவனிக்கவில்லை. எத்தனை பேருடைய பதிவு அதனால் போனதோ.

யார் அந்த மேல்முறையீட்டைக் கேட்டது?

மெட்டா அமைத்த மேற்பார்வை வாரியம். 2020 அக்டோபரில் வழக்குகளை எடுக்கத் தொடங்கியது. பணம் மெட்டா கொடுத்த அறக்கட்டளையிலிருந்து வருகிறது, ஆனால் தீர்ப்புகள் பலமுறை மெட்டாவுக்கு எதிராகவே வந்திருக்கின்றன. நன்றாக எழுதுகிறார்கள். கோடிக்கணக்கான நீக்கங்களில் அவர்கள் விரிவாகப் பார்ப்பது விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவ்வளவுதான்.

ட்ரம்ப்பையே நீக்கினார்களே, அது சரியா?

2021 ஜனவரி 6 அமெரிக்க நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் பதவியில் இருந்த அதிபரை வெளியேற்றின. ட்ரம்ப்பை அறவே பிடிக்காத ஜெர்மனியின் மெர்கல் தரப்பே இது சிக்கலானது என்றது. மேற்பார்வை வாரியம் முடக்கியதை ஏற்றது. ஆனால் காலவரை இல்லாமல் முடக்குவது என்று உங்கள் விதியில் எங்கே இருக்கிறது என்று கேட்டது. பிறகு இரண்டு ஆண்டு என்று வரையறுத்தார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது அதன் பிறகு நடந்தது. எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கி 2022 நவம்பரில் கணக்கைத் திருப்பிக் கொடுத்தார். 2025 ஜனவரியில், ட்ரம்ப் மறுபடி பதவியேற்ற சில நாட்களில், அந்த முடக்கத்துக்காக அவர் போட்ட வழக்கை முடித்துக்கொள்ள மெட்டா 2.5 கோடி டாலர் கொடுத்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் வளையும் விதிக்குக் கொள்கை என்று பெயர் வைப்பது கஷ்டம்.

பொய்ச் செய்தியையாவது நீக்க வேண்டாமா?

இது கடினம். 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு இடத்தில், வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகள் அவை. ஹோலிக்கு ஊருக்குப் போனவர்களின் ரயில் கூட்டத்தைப் பயந்து ஓடுகிற கூட்டமாகக் காட்டினார்கள். காவல்துறை மறுப்பு வெளியிட்டது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துப் போனது. திருப்பூர் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள் உண்மையிலேயே பயந்தார்கள். இப்படி உடனே ரத்தம் சிந்த வைக்கக்கூடிய பொய்யைப் பரவவிட்டுவிட்டு விவாதம் நடத்திக்கொண்டிருக்க முடியாது. நீக்க வேண்டும்.

ஆனால் எல்லாப் பொய்யும் அப்படியில்லை. கொரோனா மனிதர்கள் உருவாக்கியது என்று எழுதினால் நீக்குவோம் என்று 2021 பிப்ரவரியில் ஃபேஸ்புக் அறிவித்தது. மே மாதமே அந்தத் தடையை விலக்கியது, ஏனென்றால் விஞ்ஞானிகளிடையே அந்தக் கேள்வி முடிந்துபோகவில்லை. இங்கே மத்திய அரசு, தன்னைப் பற்றிய செய்தியில் எது பொய் என்று தானே அறிவிக்க ஓர் உண்மை சரிபார்ப்புப் பிரிவை வைக்கப் பார்த்தது. நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா போட்ட வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அந்த விதியை ரத்து செய்தது. பேச்சைக் கட்டுப்படுத்த அரசமைப்புச் சட்டத்தின் 19(2) பிரிவு அடுக்கும் காரணங்களில் 'பொய்' என்பது இல்லவே இல்லை.

மெட்டா 2025 ஜனவரியில் அமெரிக்காவில் சரிபார்ப்பாளர்களை விட்டுவிட்டு, எக்ஸ் செய்வதுபோல் பயனர்களே குறிப்பு எழுதும் முறைக்குப் போவதாக அறிவித்தது. வழக்கமாக முரண்படுகிறவர்கள் ஒத்துக்கொண்டால்தான் அந்தக் குறிப்பு வெளியே தெரியும். யோசனை அழகானது. அவர்கள் ஒத்துக்கொள்வதற்குள் வதந்தி ஊர் சுற்றி வந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் என்ன செய்ய முடியும்?

உள்ளடக்கத்தை அவர்களால் படிக்க முடியாது. வேகத்தைக் குறைக்கலாம். 2018 மே மாதம், போளூர் அருகே குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த சென்னைக் குடும்பத்தைக் குழந்தை கடத்துபவர்கள் என்று நினைத்து ஊர் சேர்ந்து அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்தார். நாடு முழுவதும் அப்படி நடந்த பிறகு, ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றியது. யாருடைய பேச்சையும் படிக்கவில்லை, யாரையும் தண்டிக்கவில்லை. இந்த வகைத் தீர்வுகள்தான் எனக்குப் பிடித்தவை. முதலில் அனுப்பியது யார் என்று கண்டுபிடித்துக் கொடு என்று 2021 விதிகள் கேட்பது வேறு விஷயம். அதற்காக மறையாக்கத்தை (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி செய்தியைப் பூட்டும் முறையை) உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போக வேண்டியிருக்கும் என்று 2024 ஏப்ரலில் வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொன்னது.

கம்பெனி காவல் வேண்டாம் என்றால், எழுதினவரை யார் கேட்பது?

நீதிமன்றம். நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான எஸ்.வி.சேகர் 2018-ல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். படிக்காமல் ஃபார்வர்டு செய்துவிட்டேன், நீக்கிவிட்டேன், மன்னிப்பும் கேட்டுவிட்டேன் என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2023-ல் உச்ச நீதிமன்றமும் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. 2024 பிப்ரவரியில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. ஆறு வருடம் ஆனது, உண்மைதான். ஆனால் குற்றச்சாட்டு என்ன என்று அவருக்குத் தெரிந்தது, வக்கீல் வைத்துப் பேச முடிந்தது, மேல்முறையீடு இருந்தது. ஃபேஸ்புக் ஒருவரை வெளியே தள்ளும்போது இந்த மூன்றில் ஒன்றாவது முழுசாகக் கிடைக்கிறதா?

சரி, நீங்கள் எந்தப் பக்கம்?

கம்பெனிகள் தங்கள் இடத்தைச் சுத்தம் செய்யட்டும்: மிரட்டல், மோசடி, ஆபாசத் தாக்குதல், வன்முறைக்குத் தூண்டுவது. அதற்கு மேலே அரசியல் கருத்து, மத விமர்சனம், வரலாற்றுச் சண்டை, கெட்ட ரசனை என்று போகும்போது கையை எடுத்துவிட வேண்டும். எதை நீக்கினாலும் எந்த வரிக்காக, எந்த விதியின்படி என்று நம் மொழியில் காரணம் சொல்ல வேண்டும், ஒரு மனிதர் மறுபடி பார்க்க வேண்டும். நீக்கம் ஒவ்வொன்றுக்கும் காரணம் தர வேண்டும் என்பது ஐரோப்பாவின் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தில் 2024 முதல் நடைமுறையில் இருக்கிறது. மீறினால் உலக வருமானத்தில் 6 சதவீதம் வரை அபராதம். அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியாது என்று கேட்க நம் அரசுக்கு நேரமில்லை. அதற்கு வேண்டியது நீக்கும் பொத்தான்.

இலங்கை 2024-ல் கொண்டுவந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் எது பொய் என்று முடிவு செய்ய ஓர் ஆணைக்குழுவை அமைக்கிறது. அதுவும் எனக்கு உடன்பாடில்லை.

அந்த நீக்கும் வேலையைச் செய்கிற மனிதர்கள்?

யாரும் கேட்காத கேள்வி, நானே சேர்த்தேன். தலை வெட்டும் வீடியோ, குழந்தை வதை, தற்கொலை ஆகியவற்றை ஷிஃப்ட் போட்டுப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் இந்த வேலை செய்து மனநலம் கெட்டவர்களுக்காக 2020-ல் ஃபேஸ்புக் 5.2 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. கென்யாவில் ஒப்பந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் இன்னும் நீதிமன்றத்தில் போராட வேண்டியிருக்கிறது. 'இன்னும் நன்றாகக் கண்காணியுங்கள்' என்று நாம் எழுதும்போது அந்த வேலை யாரோ ஒருவர் கண்ணில் போய் விழுகிறது.

என் பதிவை நீக்கிவிட்டார்கள். இப்போது என்ன செய்வது?

முதலில் ஸ்க்ரீன்ஷாட். பதிவு, வந்த அறிவிப்பு, தேதி மூன்றும் இருக்க வேண்டும். அப்புறம் ஆப்பிலேயே மறுபரிசீலனை கேளுங்கள். அதில் தானியங்கிப் பதில்தான் வந்தால், அந்தத் தளத்தின் இந்தியக் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். முகவரி தளத்திலேயே இருக்க வேண்டும் என்பது விதி. அவர் முடிவு பிடிக்கவில்லை என்றால் 30 நாட்களுக்குள் மத்திய அரசு 2023-ல் அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே போகலாம். குழுவை நியமிப்பது அரசு என்பதால், உங்கள் பதிவு அரசை விமர்சித்தது என்றால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். வியாபாரப் பக்கம், ஹேக் ஆன கணக்கு, போலிக் கணக்கு போன்றவற்றுக்கு முயன்று பார்க்கலாம்.

நான் வெறும் வாட்ஸ்அப் குரூப் அட்மின். யாரோ போட்டதற்கு என்னைப் பிடிப்பார்களா?

கரூரில் ஒரு வழக்கறிஞர் குரூப்பில் வேறொருவர் போட்ட பதிவுக்காக அட்மின் மேலும் வழக்கு போட்டார்கள். அட்மினாக மட்டும் இருந்திருந்தால், வேறு பங்கு இல்லையென்றால், குற்றப்பத்திரிகையில் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொன்னது. கேரள உயர் நீதிமன்றமும் 2022-ல் அதே முடிவுக்கு வந்தது: ஆளைச் சேர்க்கலாம், நீக்கலாம், மற்றபடி அடுத்தவர் எழுதுவதை முன்கூட்டித் தடுக்க அட்மினால் முடியாது. நீங்களே சேர்ந்து போட்டிருந்தால், அல்லது போடச் சொல்லியிருந்தால் கதை வேறு.

தினமும் காலையில் வரும் குட்மார்னிங் ரோஜாப்பூவுக்கு எந்தச் சட்டத்திலும் வழியில்லை. மியூட் செய்துகொள்ளுங்கள்.